முதலாண்டில் இறங்கும் எலும்பு: பல் இம்ப்ளான்ட்டின் இணைப்பிடம் பற்றி ஓர் ஆய்வு

பல் இம்ப்ளான்ட் சிகிச்சை கற்ற எவரும் மறக்காத எண் 1.5 மில்லிமீட்டர். இம்ப்ளான்ட் வேலை தொடங்கிய முதலாண்டில் அதன் கழுத்தைச் சுற்றியுள்ள எலும்பு ஏறக்குறைய அவ்வளவு இறங்கும், பிறகு நின்றுவிடும், அஞ்ச வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறோம். நோயாளி எக்ஸ்ரேயைக் காட்டிக் கேட்டால் அவரிடமும் அதையே சொல்கிறோம். அந்த எண்ணை எலும்பின் இயற்கைக் குணமாக ஏற்றுக்கொண்டது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு காலத்தில் ஒரு வகை உறுப்புகளைக் கொண்டு பெற்ற அளவு அது. அதைப் பொது விதியாக்கியதால், எலும்பை இறங்கச் செய்த உறுப்புகளை நாம் நீண்ட நாள் விசாரிக்கவேயில்லை.

எண் பிறந்த இடத்திலிருந்து தொடங்கலாம். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் பெர்-இங்வார் பிரோன்மார்க் 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் திருகுகளைத் தாடையில் பதித்தார். அவருடைய முறையில் இம்ப்ளான்ட் எலும்பு மட்டத்தில் பதிந்து, ஈறுக்கு அடியில் சில மாதங்கள் மூடிக்கிடக்கும். எலும்பு அதனோடு ஒன்றிய பிறகு ஈறைத் திறந்து, அபட்மென்ட் என்னும் இணைப்புத் துண்டைத் தலையில் வைத்துத் திருகால் முறுக்குவார்கள். இம்ப்ளான்ட்டின் தலையில் 0.7 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஓர் அறுகோணம் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு தட்டையான உலோகப் பரப்புகள் விளிம்போடு விளிம்பாகச் சேரும் கோடு எலும்பின் உச்சியிலேயே அமைந்துவிடும். இத்தகைய நோயாளிகளின் 15 ஆண்டு வரலாற்றை அடெல் குழுவினர் 1981இல் வெளியிட்டனர். குணமாகும் காலமும் முதலாண்டும் சேர்ந்து சராசரி 1.5 மில்லிமீட்டர் இழப்பு. அதன் பின் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர். பல்லே இல்லாதவர்களுக்கு மெல்லும் திறனைத் திருப்பித் தந்த அந்தச் சாதனையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1986இல் ஆல்பிரெக்ட்சன் குழுவினர் வெற்றியின் அளவுகோலை வகுத்தபோது, முதலாண்டுக்குப் பிந்தைய இழப்பு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றுதான் வரையறுத்தார்கள். முதலாண்டு கணக்கிலேயே வரவில்லை. எலும்பு மிகுதியாக இறங்கிய ஆண்டு அதுதான்.

அந்த ஓராண்டில் நடப்பதைப் புரிந்துகொள்ள ஈறைப் பார்க்க வேண்டும். இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேரின் சிமென்டம் படலத்துக்குள் செங்குத்தாக நுழைந்து இறுகப் பற்றிக்கொள்கின்றன. இம்ப்ளான்ட்டில் அந்தப் பிடிப்பு கிடையாது. நார்கள் உலோகத்துக்கு இணையாக ஓடுகின்றன; ஒரு சட்டைக் கழுத்துப்பட்டை போலச் சுற்றி நிற்கின்றனவே தவிர ஊன்றுவதில்லை. பல்லைச் சுற்றியுள்ள தசைநார்ப் படலமும் அதன் இரத்தக் குழாய்களும் இங்கே இல்லை. 1991இல் பெரிலுண்ட் குழுவினர் நாய்களில் இதைத் திசு வெட்டுகளாகக் காட்டினர். வாயின் கிருமிகளுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் காவல், சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர் உயரமுள்ள இந்த ஈறு வளையம் மட்டுமே. 1996இல் பெரிலுண்டும் லிண்டேயும் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. அபட்மென்ட் பொருத்தும்போது ஈறை 2 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்கினார்கள். ஈறு தனக்கு வேண்டிய உயரத்தை எலும்பைக் கரைத்து எடுத்துக்கொண்டது. உடல் காவலுக்கு இடம் தேடுகிறது. மேலே இடமில்லையென்றால் கீழே இறங்குகிறது.

இனி உலோக உறுப்புகளுக்கு வருவோம். ஹெர்மன், காக்ரன், பூசர் ஆகியோர் 1997இல் வெளியிட்ட சோதனையில், ஒரே துண்டாலான இம்ப்ளான்ட்டுகளையும் இரண்டு துண்டுகள் சேர்ந்தவற்றையும் நாய்களின் தாடையில் வெவ்வேறு ஆழங்களில் பதித்தார்கள். இரண்டு துண்டு வகையில், இணைப்புக் கோடு எங்கே இருந்ததோ அதற்குச் சுமார் 2 மில்லிமீட்டர் கீழே எலும்பு போய் நின்றது. கோட்டை ஆழமாக வைத்தால் எலும்பும் கூடவே இறங்கியது. ஒரே துண்டு வகையில் இணைப்புக் கோடே இல்லை; சொரசொரப்பான பரப்பு முடிந்து வழவழப்பு தொடங்கும் இடத்தையே எலும்பு எல்லையாகக் கொண்டது. அப்படியானால் குற்றவாளி இடைவெளியின் அகலமா? இந்தக் கேள்விக்கு 2001இல் அதே குழு கொடுத்த விடையை நான் மிகவும் மதிக்கிறேன். இடைவெளியை 10 மைக்ரானுக்குக் குறைவு, 50, 100 என மூன்று அளவுகளில் அமைத்தார்கள். ஒவ்வோர் அளவிலும் சிலவற்றை லேசரால் பற்றவைத்து அசையாமல் பூட்டினார்கள். பற்றவைத்தவற்றைச் சுற்றி எலும்பு குறைவாகவே இறங்கியது. பற்றவைக்காதவற்றில் இடைவெளி மெலிதாக இருந்தும் மிகுதியாக இறங்கியது. இடைவெளியின் அகலத்தைவிடத் துண்டுகளுக்கு இடையிலான அசைவே பெரிய கேடு. மெல்லும் ஒவ்வொரு முறையும் அந்த மூட்டு நுட்பமாக அசைகிறது. உள்ளே தேங்கிய கிருமிகளும் அவற்றின் கழிவும் ஈறு வளையத்துக்குள் கசிவதற்கு அந்த அசைவு வழிவிடுகிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

மருத்துவ உலகம் இதற்கான மாற்றைத் தற்செயலாகத்தான் கண்டது. 1991 வாக்கில் அமெரிக்காவின் இம்ப்ளான்ட் இன்னொவேஷன்ஸ் நிறுவனம் 5, 6 மில்லிமீட்டர் அகல இம்ப்ளான்ட்டுகளைக் கொண்டுவந்தது. அவற்றுக்குச் சரியளவான அபட்மென்ட்டுகள் அப்போது கிடைக்கவில்லை, 4.1 மில்லிமீட்டர் துண்டுகளையே பொருத்தினார்கள். எதிர்பார்த்த அளவுக்கு எலும்பு இறங்கவில்லை. லசாராவும் போர்ட்டரும் 2006இல் இதைக் கோட்பாடாக எழுதினர்: இணைப்புக் கோட்டை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளினால் அழற்சிப் பகுதி எலும்பிலிருந்து விலகுகிறது. பற்றாக்குறையால் நேர்ந்த ஒரு பொருத்தப்பிழை, 1.5 மில்லிமீட்டர் கட்டாயமில்லை என்று மெய்ப்பித்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. குறுகிய அபட்மென்ட்டைப் போட்டால் போதும் என்ற நம்பிக்கை விளம்பரமாகிவிட்டது. லித்துவேனியாவின் லின்கெவிசியஸ் 2009 முதல் வெளியிட்ட மருத்துவ ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் திருத்துகின்றன. ஈறின் தடிமன் 2 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ ஆனால், குறுகிய அபட்மென்ட்டைப் பொருத்தியும் எலும்பு இறங்கியது. காவலுக்கு வேண்டிய உயரம் இல்லாத இடத்தில் உலோக நுட்பம் தனியாக வெல்வதில்லை. அபட்மென்ட்டின் உயரத்துக்கும் இதே கணக்குதான். மிகக் குட்டையான துண்டைப் போட்டு, பல் மூடியின் அகன்ற வயிற்றை ஈறின் மேல் அழுத்தினால், ஈறு எங்கே போகும்?

அபட்மென்ட்டைத் திரும்பத் திரும்பக் கழற்றுவதும் ஒரு காரணம். அளவெடுக்க ஒருமுறை, பொருத்திப் பார்க்க ஒருமுறை, நிறம் சரியில்லையென்று இன்னொருமுறை. 1997இல் ஆபிரகாம்சன் குழுவினர் நாய்களில் ஐந்து முறை கழற்றி மாட்டியபோது ஈறின் பற்று ஒவ்வொரு முறையும் பிய்ந்தது. முடிவில் அது கீழே நகர்ந்து எலும்பையும் இறக்கியது. இறுதித் துண்டை முதல் நாளே வைத்துவிட்டு அதற்கு மேல் வேலை செய்வது சிரமம்தான். ஆயினும் அது செய்யத்தக்க சிரமம்.

சிமென்ட் பற்றி எழுதும்போது கோபம் வருகிறது, ஏனெனில் இது முழுக்கத் தவிர்க்கக்கூடியது. பல் மூடியை ஒட்டும்போது பிதுங்கும் சிமென்ட், இயற்கைப் பல்லில் நார்களால் தடுக்கப்படும். இம்ப்ளான்ட்டில் தடுப்பு பலவீனம். அது ஆழத்துக்கு இறங்கி எக்ஸ்ரேயிலும் தெரியாமல் தங்கிவிடும். வில்சன் 2009இல் ஈறுநோய் கண்ட இம்ப்ளான்ட்டுகளை நுண்கருவியால் உள்ளே பார்த்தபோது 81 விழுக்காட்டில் எஞ்சிய சிமென்ட் இருந்தது. அதை அகற்றிய பின் அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கில் நோய்க்குறிகள் அடங்கின. மூடியின் விளிம்பு ஈறுக்குள் ஆழமாகப் போகும் இடங்களில் திருகுவகை மூடியைத் தேர்வதே பொறுப்பான முடிவு.

மறுப்பு ஒன்று எழும். நாய்த் தாடை மனிதத் தாடையல்ல. புகைப்பழக்கம், கட்டுப்படாத நீரிழிவு, முன்பே இருந்த ஈறுநோய், துலக்காத வாய் ஆகியவை எலும்பைக் கரைப்பதில் உறுப்புகளைவிட வலியவை என்பார்கள். அவற்றின் வலிமையை நான் மறுக்கவில்லை. டெர்க்ஸும் டொமாசியும் 2015இல் தொகுத்த ஆய்வுகளில் எலும்பை அரிக்கும் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் சராசரியாக 22 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. இதை உலோக மூட்டு ஒன்றின் மேல் மட்டும் சுமத்த முடியாது. ஆனால் நோயாளியின் புகைப்பழக்கத்தை மாற்ற நாம் வேண்டத்தான் முடியும். எந்த இணைப்பு, எவ்வளவு உயரம், எத்தனை முறை கழற்றுவது, சிமென்ட்டா திருகா என்பவை நம் கையில் மட்டுமே இருக்கும் முடிவுகள். நோயாளி அவற்றைப் பார்ப்பதும் இல்லை, தேர்வதும் இல்லை. 1.5 இயற்கை என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நம் முடிவின் விளைவை அவர் உடலின் மேல் ஏற்றுகிறோம்.

ஆகவே சக மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூடி பொருத்திய அன்றே ஓர் எக்ஸ்ரே எடுத்து வையுங்கள். பின்னாளில் இறங்கிய எலும்பை அளக்க வேறு அடித்தளம் இல்லை. ஈறுநோய் வகைப்பாட்டுக்கான 2017 உலகப் பட்டறை வகுத்த பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் வரையறையும் முந்தைய எக்ஸ்ரே உண்டா என்று கேட்கிறது. இம்ப்ளான்ட்டின் பெயர், அகலம், இணைப்பு வகை, அபட்மென்ட்டின் உயரம், அதை அந்த நிறுவனமே செய்ததா வேறொருவர் செய்ததா, திருகா சிமென்ட்டா, பொருத்திய நாள் ஆகிய இத்தனையையும் ஓர் அட்டையில் எழுதி நோயாளியின் கையில் கொடுங்கள். பத்தாண்டு கழித்து வேறோர் ஊரில் அவர் வாயைத் திறக்கும்போது, எதிரே இருக்கும் மருத்துவருக்கு எந்தத் திருகுச்சாவியை எடுப்பது என்றாவது தெரிய வேண்டும்.