மணல், அட்டை, கணினி: சட்டாம்பிள்ளையின் கதை

எங்க அப்பாரு திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்ல விரல் வெச்சு எழுதிப் படிச்சவரு. "வாத்தியாரை விட சட்டாம்பிள்ளைதான் எங்களுக்கு அதிகம் சொல்லிக் குடுத்தான்" என்பார். சட்டாம்பிள்ளை என்றால் முந்திப் படித்த மூத்த மாணவன். வசதியில்லாத காலத்துப் பழக்கம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பிறகுதான் ஆண்ட்ரூ பெல் கதையைப் படித்தேன். 1789-ல் சென்னை எழும்பூர் ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் அவர். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கென் என்ற மாணவனிடம் வகுப்பை ஒப்படைத்தார்; பையன் சாதித்துவிட்டான். 1797-ல் லண்டனில் பெல் வெளியிட்ட அறிக்கை வழியாக இது 'சென்னை முறை' என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது.

அங்கே இன்னொன்றும் நடந்தது. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பதே அதன் பெரிய கவர்ச்சியாகிப் போனது. கற்றல் முறை, சிக்கன முறையாகிவிட்டது. அதற்காக நம்ம திண்ணையைத் தூக்கிப்பிடிக்கவும் முடியாதுங்க. அங்கே பிரம்படி உண்டு. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடமும் இல்லை.

அதே யோசனை வேறு உருவில் திரும்பி வந்தது. ரிஷிவேலியின் அட்டை முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007-ல் அது தமிழ்நாடு முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது. ஏணிப்படியில் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து, அடுத்த அட்டையைப் பிள்ளையே எடுக்கும். சிலவற்றை ஆசிரியரோடும், சிலவற்றைக் கூட்டாளியோடும், சிலவற்றைத் தனியாகவும் செய்யும். கரும்பலகையும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது.

அடுத்தது கணினி. சுகதா மித்ரா, சுனாமியில் அடிபட்ட காளிக்குப்பத்தில், தமிழ் பேசும் பிள்ளைகள் முன் ஆங்கிலத்தில் மூலக்கூறு உயிரியல் பாடத்தை வைத்துவிட்டு ஒதுங்கினார். அவர்களாகவே கூடிப் படித்து, இரண்டு மாதத்தில் பூஜ்யத்திலிருந்து 30 சதவீதம் வரை வந்தார்கள். அதன்பின், உயிரியலே தெரியாத, கணக்கு வேலை பார்க்கும் ஒரு இளம்பெண்ணைத் துணைக்கு வைத்தார். அவர் பாடம் நடத்தவில்லை, பேரப்பிள்ளையைப் பாராட்டும் பாட்டி மாதிரி, "அட, இதை எப்படிச் செஞ்சே?" என்று பின்னால் நின்று கேட்டார், அவ்வளவுதான். மதிப்பெண் 50 சதவீதத்தைத் தொட்டது.

எனக்கு அந்த 30-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் முக்கியமாகப் படுகிறது.

இங்கே கருமத்தம்பட்டியில், விசைத்தறி ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன் போன வாரம் சொன்னார்: "போனுல எல்லாப் பாடமும் வந்துருச்சுங்க, பையன் அவனே படிச்சுக்குவான்." படிச்சுக்குவான்தான். ஆனா ராத்திரி தறியை நிறுத்திட்டு வந்து, "இன்னிக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லு சாமி"ன்னு ஒரு வார்த்தை கேளுங்கண்ணா என்றேன். "எனக்கென்னங்க தெரியும்?" என்றார். காளிக்குப்பத்துப் பெண்ணுக்கும் ஒன்னும் தெரியாது என்று சொல்லி, இந்தக் கதை முழுவதையும் அவருக்குச் சொல்லி முடித்தேன்.