தகரச்சீட்டும் லயத்து முகவரியும்

வட்டகொடைப் புகையிரத நிலையத்தைச் சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் லயம், மூன்றாம் காம்பரா என்னும் இருப்பிடம் ஒரு தோட்டத்துக்கு மட்டுமே உரியதன்று. அடுத்த தோட்டத்திலும் அவ்வெண்கள் இருக்கலாம். அங்கும் ஒரு ராமசாமி வாழலாம். இவ்வாறு ஒன்றன்மேலொன்று படியும் முகவரிகளை நிர்வாகம் எவ்வாறு கையாண்டது என்பதை உற்பத்தி உறவுகளின் வரலாறாகவே நாம் நோக்குதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரச்சீட்டு முறை இச்சிக்கலுக்குக் கிடைத்த முதல் விடை எனலாம். தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளியின் சீட்டில் தோட்டத்தின் பதிவெண்ணும் அவருக்குரிய எண்ணும் பொறிக்கப்பட்டன. ஆளின் எண் பல தோட்டங்களில் திரும்ப வரினும், தோட்ட எண்ணோடு சேர்ந்தபோது தனித்து நின்றது. வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆளை அடையாளங் காண்பது அதற்கான வழி மட்டுமே.

கணினி வலையமைப்பிலும் இதே சிக்கல் உண்டு. தனியார் வலையமைப்புகளுக்கென 1996இல் வரையறுக்கப்பட்ட எண்தொகுதிகளை எவரும் பயன்படுத்தலாமாதலால், அவை எங்கும் மீள வருகின்றன. பல கிளைகளை ஒரே மையத்திலிருந்து நிர்வகிப்போர் ஒவ்வொரு கிளைக்கும் வேறுபடுத்தும் எண்ணொன்றை முன்னே சேர்ப்பர். அல்லது வாயிலில் உள்முகவரியை மறைத்து வேறொன்றாக மாற்றுவர்.

தோட்டத்தில் நிலைபெற்றது இரண்டாவது வழியே. வெளியுலகறிந்த முகவரி தோட்டத்தின் பெயர் ஒன்றுதான். கடிதம் எந்த ராமசாமிக்குரியது என்பதைத் தோட்ட அலுவலகமே தீர்மானித்தது. வலையமைப்பின் வாயிற்கருவி தான் மாற்றிய எண்ணைக் குறித்துவைத்து, மறுமொழியை உரியவரிடம் சேர்க்கும். துரைமாரின் அலுவலகத்தை அவ்வாறு கட்டுப்படுத்தியது எது?

இதன் கொடுமை குடியுரிமைப் பிரச்சினையிலே கூர்மையாக வெளிப்பட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் மணமானோர் 7 ஆண்டுகளும் தொடர்ச்சியாக வதிந்தமையை நிறுவக் கோரியது. தமக்கென முகவரி இல்லாதோர் வதிவை நிறுவுவதற்குத் தோட்டத்துப் பதிவேடுகளையே நம்பவேண்டியிருந்தது. விண்ணப்பத்துக்கு வரும் மறுமொழியும் அதே அலுவலகத்தின் வழியாகவே வந்தது.

1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. லயத்துப் பாதையோ தோட்டத்தின் பாதையாகவே இருந்தது. பொதுத் தெருவாகாத பாதைக்குத் தெருப்பெயர் ஏது, வீட்டிலக்கம் ஏது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும், 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைநிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. பல லயங்களுக்குரிய கடிதங்கள் இன்றும் முதலில் தோட்ட அலுவலகத்தையே சென்றடைகின்றன.