கையோடு போகும் பை

போன மாதம் எங்களிடம் படித்த பிள்ளையொருவன் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் புறப்பட்டான். பை வாங்கப் போகும் முன் வந்து, "சேர், எவ்வளவு பெரிய பேக் எடுக்கட்டும்?" என்று கேட்டான். நாங்களும் யோசிக்காமல், "கொஞ்சம் பெரிசாவே எடு மகன், எல்லாம் ஒன்றுக்குள்ள போயிரும்" என்று சொல்லிவிட்டோம். கடையில் 50 லீற்றர் பையொன்றைக் கொடுத்து, பிளேனுக்குள் கொண்டு போகலாம் என்றார்களாம். விமான நிலையத்தில் வைத்திருந்த அளவுச் சட்டத்துக்குள் அது இறங்கவில்லை. பின்னால் நீண்ட வரிசை. அந்த அவசரத்தில் பை கீழ்த்தளச் சாமான்களோடு போய்விட்டது. அவன் கையில் மிஞ்சியது கடவுச்சீட்டும் போனும் மட்டும். சாதாரண தரச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ், வேலை ஒப்பந்தம் எல்லாம் பைக்குள். அந்தப் பை நான்கு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. அதுவரை அவனை வேலையில் சேர்க்கவில்லை. நான்கு நாள் சம்பளம் இல்லை.

அதில் பாதிக் குற்றம் எங்களுடையது. அதனால்தான் இதை எழுதுகிறோம். வரலாறு படிப்பிக்கிறவர்கள் பேக் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிரிக்க வேண்டாம். நம்முடைய மலைநாட்டு வரலாற்றைப் பெட்டியும் மூட்டையும் இல்லாமல் சொல்லவே முடியாது.

முதுகில் சுமப்பது நமக்குப் புதிதல்ல. கொழுந்துக் கூடையின் கயிறு நம் பெண்களின் தலையை அழுத்தத் தொடங்கி நூற்றைம்பது வருடம் ஆகிறது. அதற்கும் முன்னால், இந்த மலைகளுக்கு வண்டிப் பாதை வருவதற்கு முன், முஸ்லிம் வியாபாரிகள் தவளம் ஓட்டி வந்தார்கள். தவளம் என்றால் பொதி மாடுகளின் வரிசை. மேலே ஏறும்போது உப்பும் கருவாடும், இறங்கும்போது பாக்கு. மாட்டின் முதுகில் இரண்டு பக்கமும் பொதி சமமாகத் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒற்றையடிப் பாதையில் மாடு சரிந்துவிடும். சுமைக்கு அளவு வைத்தது விமானக் கம்பனிக்காரன் மட்டுமல்ல.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாட்கணக்கில் நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் இறந்தவர்கள் ஏராளம். அப்படி நடக்கிறவர் எவ்வளவு கொண்டு வர முடியும்? தலையில் ஒரு மூட்டை, அதற்குள் ஒரு சட்டி, ஒரு கம்பளி. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறந்த பிறகு ரயிலும் கப்பலும் சேர்ந்து ஆளைக் கொண்டு வந்தன. அந்தக் காலத்தில் தொழிலாளியின் கழுத்தில் ஒரு தகரத் துண்டு தொங்கும். எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டிய ஆள் என்ற இலக்கம் அதில் இருக்கும். மண்டபம் முகாமில் ஆளை மறித்து வைத்து, உடுதுணியையும் மூட்டையையும் கிருமிநீக்கம் செய்துதான் கப்பலேற்றினார்கள். இன்று நாம் பெட்டியில் கட்டுகிற விமானச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தத் தகரத் துண்டுதான் ஞாபகம் வரும். அன்று அதை ஆளின் கழுத்திலேயே கட்டினார்கள்.

இங்கேதான் கதையின் முக்கியமான இடம். மூட்டையில் சட்டி இருந்தது, கம்பளி இருந்தது. காகிதம் இருக்கவில்லை. 1948இல் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்த பிள்ளையானாலும், தகப்பன் வழி முன்னோரும் இங்கேயே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டியதாயிற்று. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். 1946 ஜனவரிக்கு முன் திருமணமானவர் 7 வருடமும், ஆகாதவர் 10 வருடமும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எதைக் கொண்டு நிரூபிப்பது? தோட்டத்துச் செக்ரோலிலும் பிறப்புப் பதிவிலும் பெயர் ஒழுங்காக இருந்தால் தப்பினார்கள். ஓரிடத்தில் கருப்பையா, இன்னோரிடத்தில் கறுப்பன் என்று எழுதியிருந்தால் அலைய வேண்டியதுதான். இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களும் இதே சட்டத்தின் கீழ்தான் வந்தன. அதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். அவர்களை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகும் முன் டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. போகிறவர்கள் சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் கொண்டு போகலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டு போகக்கூடிய உச்சத் தொகையை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கக் கூடாது என்றும் அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஒரு வாழ்நாள் உழைப்புக்கும் அளவுச் சட்டம்!

பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ட்ரங்குப் பெட்டியின் மூடியில் பெயரையும் தோட்டத்தையும் பெயின்ட்டால் எழுதி, கயிறு சுற்றி, ஸ்டேசனில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்களாம். அம்மிக்கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் எந்தப் பெண்ணும் ட்ரங்குக்குள் போடவில்லையாம். மஞ்சள் துணியில் சுற்றி இடுப்பிலே செருகிக்கொண்டார்கள். 1949இல் பட்ட பாட்டில் கற்ற பாடம் அது. 1984இல் அந்தக் கப்பலும் நின்று போனது.

விமானச் சட்டமும் ஏறக்குறைய அந்தத் தாய்மார் செய்த பிரிவைத்தான் செய்கிறது. 1929இல் வார்சோவில் செய்த உடன்படிக்கையில், பயணி கம்பனியிடம் ஒப்படைக்கும் சாமானுக்குச் சீட்டுக் கொடுக்க வேண்டும், தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் சிறு பொருட்களுக்குச் சீட்டு வேண்டாம் என்று இருக்கிறது. முன்பெல்லாம் விமானத்தில் தலைக்கு மேலே ரயிலில் இருப்பது போலத் திறந்த தட்டுத்தான், தொப்பியும் கோட்டும் வைக்க. 1970இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 747 போன்ற பெரிய விமானங்களோடு மூடி வைத்த பெட்டிகள் வந்தன. 2008 அளவில் அமெரிக்கக் கம்பனிகள் கீழே போகும் பெட்டிக்குக் காசு வாங்கத் தொடங்கியதும் எல்லோரும் பையை மேலே தூக்கினார்கள், இடம் போதவில்லை. 2015 ஜூனில் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 55 x 35 x 20 செ.மீ. என்று உலகத்துக்கே ஒரே அளவைச் சொல்லிப் பார்த்தது. எதிர்ப்பு வந்து அதே மாதமே நிறுத்திவிட்டது. ஆகவே இன்றும் கம்பனிக்கொரு அளவு.

இனி ஒரு சின்னக் கணக்கு. எமிரேட்ஸ் சாதாரண வகுப்புக்கு 55 x 38 x 22 செ.மீ. கட்டார் எயார்வேஸ் 50 x 37 x 25. இரண்டிலும் 7 கிலோ. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் கிட்டத்தட்ட 46 லீற்றர்தான். ஆனாலும் 55 செ.மீ. உயரமான பை முதலாவதில் போகும், இரண்டாவதில் போகாது. லீற்றரைப் பார்த்துப் பை வாங்கக் கூடாது என்பது இதனால்தான். நாங்கள் செய்த பிழையும் அதுதான். 50 லீற்றர் எந்தக் கணக்கிலும் இரண்டுக்குள்ளும் அடங்காது. 50 x 35 x 20 என்று எடுத்தால் 35 லீற்றர் வரும், இரண்டு அளவுக்கும் பயமில்லை. அளக்கும்போது சில்லையும் கைபிடியையும் பிதுங்கி நிற்கும் வெளிப் பொக்கற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். வெறும் பையே ஒன்றரைக் கிலோ இருந்தால் உங்களுக்கு மிச்சம் ஐந்தரைதான். அளவுகளை அவர்கள் மாற்றிக்கொண்டே இருப்பதால், டிக்கற் கையில் வந்ததும் அந்தக் கம்பனியின் அளவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நம்ம ஸ்டேசனில் இறங்கி ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கவனியுங்கள். 6,226 அடி உயரத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றாலும், பெரிய பை முதுகில், சின்னப் பை நெஞ்சில். பாஸ்போர்ட் அந்தச் சின்னதில். மஞ்சள் துணிக்கும் அதற்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. பெரிய பையை யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம். சான்றிதழ், ஒப்பந்தம், காசு, உம்ராவுக்குப் போகும் பெரியவர்களின் பிரஷர் மாத்திரை, இவை சட்டைக்குள் அடங்கும் தோள்பையில் இருக்கட்டும்.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு பிள்ளைகள் புறப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் வீட்டில்தான் இருப்போம். டேப்பும் இருக்கிறது, கடையிலிருந்து தொங்கு தராசும் வாங்கி வைத்திருக்கிறோம். பையை வெறுமையாகக் கொண்டு வராதீர்கள், கொண்டு போகிற சாமானையெல்லாம் அடுக்கிக்கொண்டு வாருங்கள்.