வழி விடுவது யார்? - மலைச் சைக்கிளும் ஒற்றையடிப் பாதையும்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் தளவானூர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. (2021-இல் தடுப்பணை உடைந்து செய்திகளில் அடிபட்டதே, அந்தத் தளவானூர் வேறு. அது தென்பெண்ணைக் கரையில் இருப்பது.) இந்தத் தளவானூரின் பெருமை ஒரு குன்றும் அதில் குடைந்தெடுத்த கோயிலும்தான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் எடுப்பித்தது. சத்ருமல்லன் என்பது அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று, அதனால் கோயிலுக்குச் சத்ருமல்லேசுவராலயம் என்று பெயர். முகப்பில் மகர தோரணம், இரு பக்கமும் வாயிற்காவலர், வடமொழியிலும் தமிழிலும் கல்வெட்டு என்று ஒரு சின்னக் குன்றுக்கு இது பெரிய சொத்து!

செஞ்சி வட்டாரம் முழுக்கவே யாரோ உருண்டைப் பாறைகளை அள்ளிக் கொட்டியது போன்ற குன்றுகள். குன்றுகளுக்கு நடுவே ஏரி, வயல், மல்லாட்டைக் கொல்லை, அவற்றைச் சேர்க்கும் வரப்பு, ஆடு மாடு நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதை. மலைச் சைக்கிள் ஓட்டுகிறவன் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் அந்த வரப்பு ஒருவருடைய பட்டா நிலம். பாதை ஆடு மேய்ப்பவருடையது. மேலே உள்ள குகை தொல்லியல் துறையுடையது. சைக்கிள்காரன் இந்த மூவருக்கும் விருந்தாளி. விருந்தாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி, மலைச் சைக்கிள் பிறந்த ஊரிலேயே பெரிய சண்டையாக எழுந்த ஒன்று.

அந்த ஊர் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் கவுண்டி. 1970-களில் அங்கே சில இளைஞர்கள் 1930, 40-களில் செய்த ஷ்வின் கம்பெனியின் பழைய கனத்த சைக்கிள்களைக் காயலான் கடை விலைக்கு வாங்கி, அகலமான டயர் மாட்டி, மலை உச்சிக்குக் கொண்டு போய் அங்கிருந்து தலைதெறிக்கக் கீழே இறங்கினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபேக்ஸ் என்ற ஊருக்கு அருகே முதல் பந்தயம் நடந்தது. இரண்டு மைல் சொச்சம் தூரத்தில் சுமார் 1,300 அடி இறக்கம். அந்தப் பழைய வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான். ஒரு இறக்கம் முடிவதற்குள் ஹப்பில் உள்ள கிரீஸ் சூடேறிப் புகைந்து போய்விடும். வீட்டுக்குப் போனதும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்துவிட்டது. பந்தயத்தில் ஓடியவர்களில் ஜோ பிரீஸ் இதற்கென்றே புதுச் சட்டம் செய்தார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-இல் ‘மவுண்டன் பைக்ஸ்’ என்று கம்பெனியே தொடங்கினார்கள். 1981-இல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1996-இல் அட்லாண்டாவில் இது ஒலிம்பிக் விளையாட்டாகவும் ஆயிற்று. இருபதே ஆண்டுகள்!

இதெல்லாம் வெற்றிக் கதை. இன்னொரு கதை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

மரினின் மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே மக்கள் நடந்துகொண்டிருந்தார்கள். குதிரைக்காரர்களும் இருந்தார்கள். வளைவில் திரும்பினால் சத்தமில்லாமல் ஒரு சைக்கிள் மேலே வந்து விழுகிறது. பயந்த குதிரை ஆளைக் கீழே தள்ளுகிறது. புகார்கள் குவிந்தன. நீர்வாரிய நிலத்தில் ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை. தீயணைப்பு வண்டி போகும் அகலப் பாதையில் மட்டும் அனுமதி. அதிலும் மணிக்கு 15 மைல்தான் வேகம், வளைவில் 5 மைல். ரேஞ்சர்கள் ரேடார் கருவியோடு நின்று அபராதம் போட்டார்கள். 1984-இல் அமெரிக்க வனத்துறை, சட்டப்படி காப்பாற்றப்பட்ட வனாந்தரப் பகுதிகள் எதிலும் சைக்கிள் நுழையக் கூடாது என்று விதியில் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. மலைச் சைக்கிளைப் பெற்ற ஊர்க்காரர்களே தங்கள் மலையில் ஓட்ட முடியாமல் போனது விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பாதி வினை அவர்களே தேடிக்கொண்டது.

இதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. கலிபோர்னியாவின் சில சைக்கிள் சங்கங்கள் சேர்ந்து 1988-இல் ஒரு சர்வதேச அமைப்பைத் தொடங்கின. சுருக்கமாக இம்பா. அது பரப்பிய பாதை ஒழுங்குகள் ஆறு. திறந்த பாதையில் மட்டும் ஓட்டு, தடயம் விடாதே, வண்டியைக் கட்டுப்பாட்டில் வை, வழி விடு, விலங்கை மிரட்டாதே, முன்கூட்டியே திட்டமிடு. படிக்கும்போது பள்ளிக்கூடச் சுவரில் எழுதிய அறிவுரை மாதிரி இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு தகராறின் தழும்பு.

‘வழி விடு’ என்பதையே எடுத்துக்கொள்ளலாம். சைக்கிள் நடப்பவருக்கு வழி விட வேண்டும். சைக்கிளும் நடப்பவரும் குதிரைக்கு வழி விட வேண்டும். இறங்குகிற சைக்கிள் ஏறுகிற சைக்கிளுக்கு வழி விட வேண்டும். ஏறுகிறவன் நடுமேட்டில் காலை ஊன்றிவிட்டால் மறுபடி மிதித்துக் கிளம்புவது பெரும் பாடு. இறங்குகிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. குதிரை விஷயம் இன்னும் சுவையானது. குதிரை வேட்டைக்கு இரையாகிப் பழகிய இனம். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருவது எதுவானாலும் அதற்குப் புலிதான். ஆகவே சைக்கிள்காரன் நின்று, பாதையின் தாழ்ந்த பக்கம் ஒதுங்கி, வாய்விட்டு ஏதாவது பேச வேண்டும். குரல் கேட்டால் ‘ஓ, மனுஷன்தான்’ என்று குதிரை அடங்கும். குதிரைச் சவாரியால் பேர் வாங்கிய ராஜா தேசிங்கின் செஞ்சிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

‘தடயம் விடாதே’ என்பதும் குப்பை போடாதே என்பதோடு முடிவதில்லை. இறக்கத்தில் பின் பிரேக்கை அழுத்திச் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போனால் மண்ணில் பள்ளம் விழும். அடுத்த மழைத் தண்ணீர் அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும், பாதை வாய்க்காலாகிவிடும். சேறு இருந்தால் சுற்றிப் போகக் கூடாது, நேராகத்தான் போக வேண்டும். சுற்றிப் போகப் போக ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டிப் பாதை ஆகிவிடும். ரொம்பச் சேறாக இருந்தால் அன்றைக்கு ஓட்டாமலே இருப்பது நல்லது.

தனியார் நிலத்தில் இது இன்னும் நுட்பம். அமெரிக்காவில் பண்ணை வைத்திருப்பவர் பொதுமக்களை இலவசமாக உள்ளே விட்டால், அவர்கள் விழுந்து கையை உடைத்துக்கொண்டாலும் பெரும்பாலும் அவர் மேல் வழக்குப் போட முடியாது. கலிபோர்னியாவில் 1963 முதல் அப்படிச் சட்டம், மற்ற மாநிலங்களிலும் ஏறத்தாழ அதே கதை. சட்டம் பயத்தைத்தான் போக்கும், மரியாதையைத் தராது. வெர்மாண்ட் மாநிலத்தில் 1994-இல் தொடங்கிய கிங்டம் டிரெயில்ஸ் இதற்கு நல்ல சாட்சி. நூறு மைலுக்கு மேல் பாதை, ஏறத்தாழ நூறு பேருடைய நிலங்கள் வழியாக ஓடுகிறது. 2019 டிசம்பரில் மூன்று உரிமையாளர்கள் ‘இனி எங்கள் நிலத்தில் சைக்கிள் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்கள். கூட்டம் அளவு மீறிப் போயிருந்தது, சிலருடைய நடத்தையும் சரியில்லை. மூன்று பேர்தானே என்று தோன்றும். ஆனால் பாதைகளை ஒன்றோடொன்று இணைக்கும் நடுப்பகுதி அவர்களுடைய நிலத்தில்தான் இருந்தது. ஒழுங்காக ஓட்டியவர்களும் சேர்ந்தே இழந்தார்கள்.

வழி விடுதல் என்றதும் தமிழ்நாட்டுக்காரருக்கு நினைவு வர வேண்டிய வேறொரு வரலாறும் உண்டு. அது இவ்வளவு நாகரிகமானதல்ல. தமிழகத்தின் பல கிராமங்களில் ஆதிக்கச் சாதித் தெரு வந்தால் தலித்துகள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. வேகமாக வருபவன் மெதுவாகப் போகிறவனுக்கு ஒதுங்குவது அங்கே கணக்கே இல்லை. யார் எந்த வீட்டில் பிறந்தார் என்பதே கணக்கு. இது ஏதோ பாட்டன் காலத்துச் சமாசாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-இல் திருத்தியபோது, பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்ட விடாமல் தடுப்பதும் குற்றம் என்று சட்டத்திலேயே தனியாக எழுத வேண்டியிருந்தது! இருபத்தோராம் நூற்றாண்டு நாடாளுமன்றத்துக்குச் சைக்கிளைப் பற்றிச் சட்டம் எழுத வேண்டியிருந்தது என்றால், தெருவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். பெண்கள் கதையும் உண்டு. புதுக்கோட்டையில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கேலி பேசியவர்களுக்குக் குறைவில்லை. அந்தப் பெண்கள் இறங்கவில்லை.

ஆக, இறங்குவதில் இரண்டு விதம். பலமுள்ளவன் எளியவருக்காக இறங்குவது ஒன்று, எளியவரைப் பலமுள்ளவன் இறக்குவது இன்னொன்று. மரினில் எழுதிய விதி முதல் வகை. அதை இந்த மண்ணுக்குக் கொண்டு வரும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்தியாவில் மலைச் சைக்கிள் பந்தயம் இமாசலத்தில் 2005-இல் தொடங்கிய எம்டிபி ஹிமாலயாவால் பேர் பெற்றது. 2023 அக்டோபரில் ஆசிய சாம்பியன்ஷிப்பே திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துப் பொன்முடியில் நடந்தது. தமிழ்நாட்டில் காட்டுப் பாதைகள் பற்றிய பேச்சை மாற்றியது ஒரு துயரம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளை முன்பதிவோடு திறந்தது. அவை நடப்பவர்களுக்கானவை. அனுமதி பெற்று, வழிகாட்டியோடு, எண்ணிக்கைக்குள் போவது என்ற பழக்கம் அதில் உண்டாகியிருக்கிறது. சைக்கிளுக்கு ஒரு நாள் வழி திறக்குமானால் அந்தப் பழக்கத்தின் வழியாகத்தான் திறக்கும்.

செஞ்சிக்கு இப்போது கூட்டம் கூடும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. கோட்டையைப் பார்க்க வருபவர்களில் சிலர் சைக்கிளோடும் வருவார்கள், சுற்றியுள்ள குன்றுகளையும் தேடுவார்கள். காப்பாற்றப்பட்ட நினைவுச்சின்னத்துக்குள் வண்டி நிறுத்த ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் எந்த வாகனத்தையும் கொண்டுவரக் கூடாது என்று 1959-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. எனவே தளவானூரில் சைக்கிள் குன்றடியோடு நின்றுவிட வேண்டியதுதான். குன்றடி வரையிலும் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மல்லாட்டை விதைத்திருக்கும் கொல்லையின் வரப்பு சக்கரத்துக்குத் தாங்காது, சரிந்தால் திரும்ப மண் அணைப்பது கொல்லைக்காரர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பக்கமே போகாமலிருப்பது உத்தமம். எதிரே ஆட்டு மந்தை வந்தால் மணியடித்து விலக்கக் கூடாது. மிரண்டு நாலு திசைக்கும் சிதறிய ஆடுகளைத் திரும்பச் சேர்க்க மேய்ப்பவருக்குப் பொழுது சாய்ந்துவிடும்.