நடந்தால் எரியும், மெதுவாக அணையும்... நீங்களே புரோகிராம் செய்யலாம் வயர்லெஸ் நைட் லாம்ப்!

ராத்திரி ரெண்டு மணி. பாத்ரூம் போவதற்காகக் கட்டிலைவிட்டு இறங்குகிறார் உங்கள் வீட்டுப் பெரியவர். சுவிட்ச் எங்கேயோ கதவுக்குப் பக்கத்தில். லைட்டைப் போட்டால் பேரக்குழந்தை எழுந்துவிடுமே என்று இருட்டிலேயே சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். மிதியடி, சார்ஜர் வயர், குழந்தை போட்டுவிட்டுப் போன பொம்மை என அந்தப் பத்தடி தூரத்தில் தடுக்கிவிட எத்தனையோ இருக்கு. சரி, டியூப்லைட்டைப் போட்டுக்கொள்ளலாமே என்றால், அதுவும் சிக்கல்தான். இருட்டுக்குப் பழகிய கண் கூசும். திரும்பி வந்து லைட்டை அணைத்ததும் கட்டில் எங்கே இருக்கு என்பதே தெரியாது. இருட்டுக்கு முழுசாகப் பழக நம் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடங்கள் தேவை. வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

ஆள் அசைந்ததும் தானாகவே மங்கலாக எரியணும். வேலை முடிந்தபின் மெதுவாக அணையணும். வேண்டுமென்றால் செல்போனிலிருந்தே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கணும். இப்படி ஒரு லைட்டை வீட்டிலேயே செய்யலாம். 'ரெடிமேடாகவே சென்சார் லைட் கிடைக்குதே' என்று கேட்கலாம். கிடைக்குதுதான். ஆனால், எவ்வளவு நேரம் எரியணும், எவ்வளவு வெளிச்சம் வேணும் என்பதையெல்லாம் அதைத் தயாரித்தவர் முடிவு செய்திருப்பார். நாமே புரோகிராம் எழுதினால் அதை நம் வீட்டுப் பெரியவரின் நடைக்கு ஏற்ப நாம் முடிவு செய்யலாம்.

230 வோல்ட்டில் கை வைக்காதீங்க

முதலில் ஓர் எச்சரிக்கை. சுவரில் இருக்கும் பல்பையே டிம் செய்யலாம் என்று ஆசை வரும். அதற்கு டிரையாக் என்ற பாகத்தை வைத்து, 230 வோல்ட் மின்சாரத்தின் ஒவ்வொரு அரை அலையிலும், அதாவது செகண்டுக்கு 100 முறை, சரியான கணத்தில் ஆன் செய்ய வேண்டும். ஒரு வயர் தவறினாலும் உயிருக்கு ஆபத்து. தவிர, வீடுகளில் இருக்கும் சாதாரண எல்இடி பல்புகள் டிம் செய்வதற்கென்று தயாரானவை அல்ல. மினுக்கும், இரையும், சீக்கிரம் போய்விடும். அதனால் நாம் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பை மட்டுமே பயன்படுத்தப் போகிறோம். சுவர் பிளக்கில் சொருகுவது தரமான ஒரு அடாப்டர் மட்டும்தான். அதையும் பிரிக்க வேண்டாம்.

என்னென்ன வாங்கணும்?

மூளையாக நோட்எம்சியூ என்ற போர்டு. இதில் இஎஸ்பி 8266 என்ற வைஃபை சிப் இருக்கிறது. அசைவைக் கண்டுபிடிக்க ஹெச்சி-எஸ்ஆர் 501 என்ற பிஐஆர் சென்சார். வெள்ளைக் குமிழ் மாதிரி இருக்கும். வார்ம் ஒயிட் எல்இடி ஸ்ட்ரிப் ஒன்றரை மீட்டர். '3528' ரகத்தில் மீட்டருக்கு 60 எல்இடி உள்ளதைக் கேளுங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்க ஒரு பக் கன்வெர்ட்டர். 220 ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். கடைசியாக ஒரு மாஸ்ஃபெட். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் வாங்கிடலாம். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன் இருக்கு. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும்.

மாஸ்ஃபெட் வாங்கும்போது மட்டும் கவனம். கடையில் சட்டென்று எடுத்துக் கொடுப்பது ஐஆர்எஃப் 520 ஆக இருக்கும். நம் போர்டு தருவதோ வெறும் 3.3 வோல்ட் சிக்னல். அதற்கு ஐஆர்எஃப் 520 முழுசாகத் திறக்காது; ஸ்ட்ரிப் அழுது வடியும். ஐஆர்எல்இசட் 44என் என்று கேட்டு வாங்குங்கள். நம் ஸ்ட்ரிப் முழு வெளிச்சத்தில் இழுப்பதே 0.6 ஆம்பியர்தான் என்பதால், சூட்டைத் தணிக்கும் ஹீட் சிங்க்கூட தேவைப்படாது.

இணைப்பு சுலபம். அடாப்டரின் பிளஸ், ஸ்ட்ரிப்பின் பிளஸ்ஸுக்குப் போகும். ஸ்ட்ரிப்பின் மைனஸ், மாஸ்ஃபெட்டின் டிரெய்ன் காலுக்கு. சோர்ஸ் கால் கிரவுண்டுக்கு. கேட் காலை 220 ஓம் வழியாகப் போர்டின் டி1 பின்னில் இணைத்து, அதே கேட்டிலிருந்து 10 கிலோ ஓம் ஒன்றைக் கிரவுண்டுக்குக் கொடுங்கள். சென்சாரின் அவுட்புட், டி2 பின்னுக்கு. இந்த ரெண்டு பின்னையும் தேர்வு செய்யக் காரணம் இருக்கு. போர்டு ஸ்டார்ட் ஆகும்போது வேறு சில பின்கள் தாமாகவே ஆன் ஆகி, லைட் பளிச்சென்று ஒருமுறை அடிக்கும். டி1, டி2 அமைதியானவை. பக் கன்வெர்ட்டரை முதலில் தனியாக அடாப்டரோடு இணைத்து, மல்ட்டிமீட்டரில் 5 வோல்ட் காட்டும்வரை திருகிவிட்டு, அதன்பிறகே போர்டின் வின் பின்னுக்கும் சென்சாருக்கும் கொடுங்கள். கிரவுண்ட் எல்லாவற்றுக்கும் பொது.

ரெண்டு எண்கள் போதும்

கம்ப்யூட்டரில் ஆர்டுவினோ ஐடிஇ-யை இன்ஸ்டால் செய்து, போர்ட்ஸ் மேனேஜரில் இஎஸ்பி 8266-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். போர்டை லேப்டாப்பில் சொருகியும் எதுவுமே தெரியவில்லையென்றால், முதல் சந்தேகம் கேபிள் மேல் வரட்டும். சார்ஜ் மட்டுமே ஏற்றும் யூஎஸ்பி கேபிள்கள் நிறைய உலவுகின்றன.

இணையத்தில் கிடைக்கும் மாதிரி புரோகிராம்கள் பெரும்பாலும் 'அசைவு வந்தால் லைட்டைப் போடு, டிலே கொடு, அணை' என்று இருக்கும். இந்த 'டிலே' ஓடும் நேரத்தில் போர்டு வேறு எதையும் கவனிக்காது. நீங்கள் போனில் ஸ்லைடரை இழுத்தாலும் கேட்காது, இன்னொருவர் நடந்து வந்தாலும் தெரியாது.

அதனால் இப்படி யோசியுங்கள். புரோகிராமில் ரெண்டு எண்கள். ஒன்று, இப்போதைய வெளிச்சம். இன்னொன்று, போய்ச் சேர வேண்டிய வெளிச்சம். ரெண்டும் 0 முதல் 100 வரை. சென்சார், போன், கடிகாரம் என யார் வந்தாலும் ரெண்டாவது எண்ணை மட்டும்தான் மாற்றலாம். முதல் எண்ணை ரெண்டாவதை நோக்கி ஒவ்வொரு படியாக நகர்த்துவது ஒரே ஒரு ஃபங்ஷனின் வேலை. லைட்டைத் தொடும் உரிமையும் அதற்கு மட்டும்தான். இப்படிப் பிரித்துவிட்டால் மீதி புரோகிராம் தானாகவே எளிமையாகிடும். 'மில்லிஸ்' ஃபங்ஷன் தரும் நேரத்தைப் பார்த்துப் பார்த்து நகர்த்துவதால் போர்டு எங்கேயும் முடங்காது.

ராத்திரிக்கு 20 சதவிகித வெளிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஏறும்போது 40 மில்லிசெகண்டுக்கு ஒரு படி கொடுத்தால் 0.8 செகண்டில் அந்த வெளிச்சம் வந்துவிடும். கண் கூசாது, காத்திருக்கவும் வேண்டாம். இறங்கும்போது 250 மில்லிசெகண்டுக்கு ஒரு படி. முழுசாக அணைய 5 செகண்ட் ஆகும். அங்கேயே யாராவது நின்றுகொண்டிருந்தால், மங்குவதைப் பார்த்துக் கையை அசைத்தால் போதும், திரும்ப ஏறிவிடும்.

இதில் கண் செய்யும் ஒரு மாயமும் உண்டு. மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்தால் வெளிச்சம் பாதியானது போலத் தெரியாது. குறைந்த மாதிரியே இருக்காது. அடிமட்டத்தில் மட்டும் படபடவென்று மாறும். இதைச் சரிசெய்ய, சதவிகிதத்தை அதே எண்ணால் பெருக்கி 100-ஆல் வகுத்து அனுப்புங்கள். 50 என்பது 25 ஆகும். 20 என்பது 4 ஆகும். இவ்வளவு சின்ன எண்களில் படிகள் தெரியாமலிருக்க, அனலாக்ரைட்டின் எல்லையை 255-க்குப் பதில் 1023 என்று செட் செய்துகொள்வது நல்லது.

எவ்வளவு நேரம் எரியணும்?

இந்த ஒரு எண்ணில்தான் எல்லாமே இருக்கு. பலரும் 30 செகண்ட் அல்லது ஒரு நிமிடம் என்று வைக்கிறார்கள். கரன்ட் மிச்சமாகுமே என்ற எண்ணம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மீட்டருக்கு 4.8 வாட் வீதம், ஒன்றரை மீட்டர் ஸ்ட்ரிப் முழுசாக எரிந்தாலே 7.2 வாட்தான். நம் 20 சதவிகிதம் என்பது நிஜத்தில் 4 சதவிகித மின்சாரம். கால் வாட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இதைப் போய் மிச்சம் பிடிக்க என்ன இருக்கு?

இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். பிஐஆர் சென்சாருக்கு ஆள் இருப்பது தெரியாது. உடல் சூடு நகர்வது மட்டும்தான் தெரியும். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவரை அது பார்க்காது. வழியில் தலைசுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பவரையும் பார்க்காது. கீழே விழுந்து நகர முடியாமல் கிடப்பவரையும்தான். வெளிச்சம் ரொம்பத் தேவைப்படும் அந்த நேரத்தில் 30 செகண்ட் டைமர் லைட்டை அணைத்துவிடும். அதனால் குறைந்தது 10 நிமிடம் கொடுங்கள். மூட்டுவலி, மலச்சிக்கல் என்று நேரமெடுப்பவர் என்றால் 20 நிமிடம்கூட வைக்கலாம். ரெண்டு நாள் கவனித்தால் உங்கள் வீட்டுக்கான எண் தெரிந்துவிடும்.

சென்சாரிலேயே நேரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். அதைக் குறைந்தபட்சத்தில் வைத்து, ஜம்பரை 'ஹெச்' பக்கம் போட்டுவிடுங்கள். நேரக் கணக்கு முழுக்கப் புரோகிராமின் பொறுப்பு. 'இப்போதைய மில்லிஸிலிருந்து கடைசி அசைவின் மில்லிஸைக் கழித்தால் 6,00,000-ஐத் தாண்டுதா' என்று கேட்கணும். எப்போதும் கழித்தே பாருங்கள். மில்லிஸ் கணக்கு 49 நாள் ஓடியபின் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். கழித்துப் பார்க்கும் புரோகிராம் அப்போதும் தடுமாறாது. 'அணைக்க வேண்டிய நேரம்' என்று முன்கூட்டியே கூட்டி வைப்பது தடுமாறலாம்.

வைஃபை போனாலும் எரியணும்

நம்ம ஊரில் கரன்ட் போய் வருவது புதுசில்லை. வந்தபிறகு ரூட்டர் உயிர்பெறக் கொஞ்ச நேரம் ஆகும். மாதிரி புரோகிராம்களில் 'வைஃபை கிடைக்கும்வரை காத்திரு' என்று ஒரு லூப் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ரூட்டர் பழுதான ராத்திரியில் லைட்டும் எரியாது. வைஃபை பின்னணியில் தானாக இணையட்டும். லைட் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

கரன்ட் வந்ததும் சென்சார் நிதானத்துக்கு வர ஒரு நிமிடம் வரை ஆகும். அதுவரை பொய் சிக்னல்களும் கொடுக்கும். அதைத் தடுக்கப் பெரிய வித்தை வேண்டாம். ஸ்டார்ட் ஆகும்போதே 'இப்போதுதான் அசைவு வந்தது' என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கரன்ட் வந்த கையோடு பத்து நிமிடம் மங்கலாக எரியும். எல்லோரும் தூக்கம் கலைந்து நடமாடும் நேரம் என்பதால் அது நல்லதுதான்.

பகலில் எரியாமலிருக்க, போர்டு இணையத்திலிருந்து மணி கேட்டுக்கொள்ளும். நம் நேரத்துக்கு 19,800 செகண்ட், அதாவது ஐந்தரை மணி நேரம் கூட்டணும். 'மணி 18-க்கு மேல், மற்றும் 6-க்குக் கீழ்' என்று எழுதினால் லைட் ஒருநாளும் எரியாது; அப்படி ஒரு மணியே கிடையாது. '18 அல்லது அதற்கு மேல்' என்பதையும் '6-க்குக் கீழ்' என்பதையும் இணைக்க 'அல்லது' போடணும். இணையம் கிடைக்காமல் வருடம் 1970 என்று காட்டினால் ராத்திரி என்றே எடுத்துக்கொள்ளட்டும். பகலில் சும்மா எரிவதால் நஷ்டமில்லை. கடிகாரத்துக்குப் பதில் எல்டிஆர் வைக்கலாமா என்றால், வைக்கலாம். ஆனால், லைட் அணைந்திருக்கும்போது மட்டும் அதைப் படிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தன் வெளிச்சத்தையே பார்த்து 'விடிஞ்சிடுச்சு' என்று அணைவதும் எரிவதுமாக இருக்கும்.

போனுக்கு, போர்டே ஒரு சின்ன வெப் பேஜை வழங்கும். அதில் ஒரு ஸ்லைடரும் 'ஆட்டோ' பட்டனும் போதும். ஸ்லைடரைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்கு உங்கள் பேச்சே செல்லும்; பிறகு தானாகவே ஆட்டோவுக்குத் திரும்பிடணும். இந்தத் திரும்புதலை மறந்தால், நீங்கள் பத்து மணிக்கு அணைத்த லைட் ரெண்டு மணிக்கு அம்மா எழும்போதும் எரியாது. கோடு எழுதவே வேண்டாம் என்பவர்களுக்கு இஎஸ்பிஹோம் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றிலும் இதே எண்களைத்தான் நிரப்பப் போகிறீர்கள்.

சென்சாரை எங்கே வைப்பது?

தன்னை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரைத்தான் பிஐஆர் சட்டென்று பிடிக்கும். அதனால் கட்டிலின் பக்கவாட்டில், சட்டத்துக்குக் கீழே தரையைப் பார்த்து வையுங்கள். கால் தரையில் இறங்கிய உடனே எரியும். படுக்கையில் புரண்டால் எரியாது. ஜன்னல் திரை, ஏசி காற்று படும் இடம் வேண்டாம். மே மாத வெயிலில் அறைச் சூடு உடல் சூட்டை நெருங்கும்போது சென்சார் கொஞ்சம் மந்தமாகும். சென்சிட்டிவிட்டி திருகை அந்த மாதங்களில் கூட்டிக்கொள்ளுங்கள். வைஃபை போர்டை ஒட்டியே சென்சாரை வைத்தால் பொய் சிக்னல் வரலாம். ரெண்டுக்கும் ஒரு முழ இடைவெளி இருக்கட்டும். ஸ்ட்ரிப்பைக் கண்ணுக்கு நேராக ஒட்டாமல், கட்டிலின் அடியிலும் நடைவழிச் சுவரின் அடிப்பகுதியிலும் ஒட்டினால் வெளிச்சம் தரையில் மட்டும் விழும்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அடாப்டரை இன்வெர்ட்டர் பாயின்ட்டில் சொருகுங்கள். இல்லாதவர்கள், ரூட்டருக்கென விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கினால் இந்த லைட்டும் அதிலேயே ஓடும். அதுவும் இல்லையென்றால், தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும் டார்ச் அங்கேயே இருக்கட்டும்.