ராத்திரி 2 மணி பயத்துக்கு வைத்தியம் எப்படி வீடு தேடி வந்துச்சு?

1/ ராத்திரி 2 மணி. திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை வேர்க்குது, மூச்சு முட்டுது. "செத்துடுவேனோ"ன்னு பயம். மறுநாள் ஆஸ்பத்திரியில ஈசிஜி நார்மல். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, போய்ட்டு வாங்க." கூட்டம் நெரியுற ஓபியில நானும் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கேன்.

2/ ஆனா அன்னைக்கும் ராத்திரி 2 மணி வரும். பக்கத்துல டாக்டர் இருக்க மாட்டார். மனப்பதற்றத்தோட பழைய சிக்கலே இதுதான்: நோய் வர்ற இடம் வேற, வைத்தியம் கிடைக்கிற இடம் வேற. இன்னைக்கு இளைஞர்களுக்கு மொபைல் மெசேஜ்லயே சிகிச்சை தர்றாங்க. இது புது யோசனை இல்ல. பின்னாடி 60 வருஷக் கதை இருக்கு.

3/ கதை ஆஸ்திரேலியாவுல தொடங்குது. கிளேர் வீக்ஸ், 1903ல பிறந்தவர். இருபதுகள்ல அவருக்குக் காசநோய்னு தப்பாச் சொல்லிட்டாங்க. அந்தப் பயத்துல படபடப்பு பிடிச்சுக்கிச்சு, விடவே இல்ல. முதல் உலகப்போர்ல இருந்த ஒரு நண்பர்தான் புரிய வெச்சார்: பதுங்குகுழியில எங்களுக்கும் இதயம் இப்படித்தான் அடிச்சுது. உன் இதயத்துல கோளாறு இல்ல, நீ அந்தப் படபடப்பைப் பார்த்துப் பயப்படுற, அவ்வளவுதான்.

4/ பயத்தைப் பார்த்துப் பயம். அந்தப் பயத்தால இன்னும் படபடப்பு. இந்தச் சுழலைத்தான் வீக்ஸ் பின்னாடி டாக்டராகி நோயாளிகளுக்கு விளக்கினார். அவர் சொன்ன வழி நாலே படி: எதிர்கொள், ஏத்துக்கோ, மிதந்து போ, காலம் போகட்டும். கவனிச்சீங்களா? ஒரு எஸ்எம்எஸ் அளவுதான்!

5/ 1962ல 'செல்ஃப் ஹெல்ப் ஃபார் யுவர் நெர்வ்ஸ்'னு புத்தகம் எழுதினார். ஆனா வீட்டு வாசல் தாண்டவே பயப்படுறவங்க கிளினிக்குக்கு எப்படி வருவாங்க? தன் குரலை இசைத்தட்டுலயும் கேசட்லயும் பதிவு பண்ணி அனுப்பினார். தூரத்துல இருந்தே 528 பேருக்கு இப்படிச் சிகிச்சை தந்ததை 1973ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினார். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு, அதனால முழு நிரூபணம்னு சொல்ல முடியாது. ஆனா வழி திறந்துடுச்சு.

6/ 1992 டிசம்பர் 3, பிரிட்டன்ல உலகின் முதல் எஸ்எம்எஸ் போச்சு: கிறிஸ்துமஸ் வாழ்த்து. 2001ல ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 'மூட்ஜிம்'னு இணையத்துல சிகிச்சைப் பாடம் தொடங்குச்சு. இசைத்தட்டு செஞ்ச வேலை திரைக்கு மாறிச்சு.

7/ 2017ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு. 18-28 வயசுல 70 பேர், 2 வாரம். ஒரு குழு 'வோபாட்'ங்கிற சாட்பாட்டோட மெசேஜ்ல பேசுச்சு. இன்னொரு குழுவுக்கு ஒரு மின்னூல் கொடுத்தாங்க. மனச்சோர்வு வோபாட் குழுவுல அதிகமாக் குறைஞ்சுது. பதற்றம்? ரெண்டு குழுவுலயும் குறைஞ்சுது, பெரிய வித்தியாசம் இல்ல.

8/ அது தானாவே குறைஞ்சுதா, படிச்சதால குறைஞ்சுதான்னு அந்த ஆய்வை வெச்சு சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு புரியுது. கருவி புதுசா இருக்கிறதால மட்டும் பயம் போயிடாது. 2025ல வோபாட் ஆப்பையே மூடிட்டாங்க. நம்பிப் பேசிட்டு இருந்தவங்களுக்கு அந்தப் பக்கம் இப்போ யாரும் இல்ல.

9/ சரி, நாம தினமும் அனுப்புற மெசேஜுக்கும் சிகிச்சை மெசேஜுக்கும் என்ன வித்தியாசம்? "ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதே"ன்னு அனுப்பினா அந்த நிமிஷம் நிம்மதி. அரை மணி நேரத்துல மறுபடி கேட்கத் தோணும். அந்தப் பதிலே போதை ஆகிடும். சிகிச்சை மெசேஜ் சொல்றது வேற: "படபடப்பு வரட்டும். இதுக்கு முன்னாடியும் வந்துச்சு, தானா அடங்குச்சு. செஞ்சுட்டிருந்த வேலையை விடாதே." பயத்தை விரட்டச் சொல்லல, பயத்தோட இருக்கப் பழக்குது.

10/ அதனால ஒரு வேண்டுகோள். முதல் தடவை நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தா உடனே ஆஸ்பத்திரி போங்க. இதயத்துல பிரச்சினை இல்லன்னு டாக்டர் உறுதி செய்யட்டும். அது பதற்றம்தான்னு தெரிஞ்ச பிறகு, நல்லா இருக்கிற ஒரு பகல்ல உட்கார்ந்து உங்களுக்கு நீங்களே அந்த மெசேஜை எழுதி போன்ல வெச்சுக்கோங்க. ராத்திரி 2 மணிக்கு கூகுளைத் திறக்காம அதைத் திறங்க.

11/ தூக்கமும் படிப்பும் வேலையும் கெடுதுன்னா மெசேஜ் மட்டும் போதாது. அரசு மனநல உதவி எண் 14416, டெலி மானஸ். 2022 அக்டோபர்ல தொடங்கினது, கட்டணம் இல்ல, 24 மணி நேரமும் மனுஷங்க பேசுவாங்க.

12/ நானும் இப்போ ஈசிஜி பேப்பரைக் கையில கொடுக்கும்போது "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்றதில்ல. "இதயம் நல்லா இருக்கு. உங்களுக்கு வந்த பயம் நிஜம். அதுக்கு வைத்தியம் இருக்கு"ன்னு சொல்றேன். கூடுதலா அரை நிமிஷம்தான் ஆகுது.