திருவாலங்காட்டுச் செப்பேடும் ஓரப் பட்டியலும்

இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஓரத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. தலைப்பு வாரியாக, மாத வாரியாக, எழுதியவர் வாரியாக. வேண்டியதைச் சொடுக்கினால் நேராக அங்கே போய்விடலாம். இது கணினி தந்த வசதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ராஜேந்திர சோழன் பற்றிக் கல்லூரியில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னபோதுதான் அந்த நினைப்பு மாறியது.

கட்டுரைக்காகத் திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் படிக்கப் போனேன். அது 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' மூன்றாம் தொகுதியின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. பதிப்பித்தவர் எச். கிருஷ்ண சாஸ்திரி, வெளிவந்த ஆண்டு 1920. நூலகத்தில் அந்தக் கனமான புத்தகத்தை வைத்துக்கொண்டு அரை நாள் புரட்டினேன். கடாரம் எங்கே? பழையனூர் எங்கே? ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, எந்தப் பகுதியில் என்ன இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கோ. அப்புறம் படி" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

செப்பு வளையம்

திருவாலங்காடு நம் எல்லோருக்கும் தெரிந்த ஊர்தான். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில், திருத்தணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இங்கேதான். காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த இடமும் இதுதான். 1905-ல் இங்கே ஒரு செப்பேட்டுத் தொகுதி வெளிச்சத்துக்கு வந்தது. மொத்தம் 31 ஏடுகள். இதுவரை கிடைத்த சோழர் செப்பேடுகளில் மிகப் பெரியவற்றில் இதுவும் ஒன்று. முன்பகுதி சமஸ்கிருதம், பின்பகுதி தமிழ்.

இவ்வளவு ஏடுகளும் கலையாமல் இருந்தது எப்படி? ஒவ்வொரு ஏட்டிலும் துளையிட்டு, எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்திருக்கிறார்கள். வளையத்தின் முனைகள் சேரும் இடத்தில் சோழரின் அரச முத்திரை. வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டைக்கூட உருவவும் முடியாது, நுழைக்கவும் முடியாது. முத்திரை அரசனுடைய பெருமைக்கு மட்டுமல்ல, ஏடுகளின் வரிசைக்கும் அதுதான் காவல். நிலத்தின் எல்லை சொல்லும் ஏடு ஒன்று காணாமல் போனால் அந்த நிலமே கைவிட்டுப் போகலாம் அல்லவா?

பின்னால் வந்த முன்பக்கம்

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ்ப் பகுதி ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சொல்கிறது. அவன் 1012-ல் பட்டத்துக்கு வந்தவன் என்பதால், இது ஏறத்தாழ 1018. திருவாலங்காட்டுக் கோயிலுக்குப் பழையனூரைக் கொடுத்த ஆணை அது. ஆனால் அதற்கு முன்னால் கோத்திருக்கும் சமஸ்கிருதப் பகுதி கங்கைப் படையெடுப்பையும் கடார வெற்றியையும் பாடுகிறது. கடாரப் படையெடுப்பு நடந்தது 1025 வாக்கில். அப்படியானால் புத்தகத்தில் முதலில் வரும் பகுதி, காலத்தால் பின்னால் வந்தது!

வரிசையை மட்டும் நம்பி முதல் ஏட்டிலிருந்து படித்துக்கொண்டு போகிறவன், கடாரத்தை வென்ற பிறகுதான் அரசன் பழையனூரைக் கொடுத்தான் என்று எழுதிவிடுவான். என் கட்டுரையின் முதல் படியில் நான் எழுதியதும் அதுதான். எது முன்னால் நிற்கிறதோ அது முதலில் நடந்தது என்று கண் தானாக முடிவு கட்டிவிடுகிறது. ஓரப் பட்டியலில் மேலே இருப்பதை முக்கியம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோமே, அதே கதைதான்.

அம்மையார் கட்டிய சங்கிலி

செம்புக்கு வளையம் இருந்தது. ஓலைக்கு? ஓலைக்கட்டில் கயிறுதான். கயிறு அற்றால் ஓலை சிதறும். அதனால் ஒவ்வோர் ஓலையின் ஓரத்திலும் தமிழ் எண் எழுதும் வழக்கம் இருந்தது. நம் பக்க எண்ணுக்குத் தாத்தா அதுதான்.

எண் இல்லாமலே வரிசை காக்கும் வழி ஒன்றும் நம்மிடம் உண்டு. அதுதான் அந்தாதி. ஒரு பாட்டு முடியும் சொல்லிலோ எழுத்திலோ அடுத்த பாட்டு தொடங்கும். காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியில் 101 வெண்பாக்கள் இப்படிக் கோக்கப்பட்டவை. நடுவில் ஒரு பாட்டு விழுந்தால் சங்கிலி அறுந்து நிற்கும், உடனே தெரிந்துவிடும். பாடுபவருக்கு மனப்பாடம் செய்யச் சுலபம், படியெடுப்பவருக்குச் சரிபார்க்கச் சுலபம். திருவாலங்காட்டைப் பாடிய மூத்த திருப்பதிகங்களில் கடைசிப் பாட்டில் அம்மையார் தம் பெயரையும் வைத்திருக்கிறார். பதிகம் எங்கே முடிகிறது, யார் பாடியது என்ற இரண்டு கேள்விக்கும் அந்த ஒரு பாட்டே பதில்.

ஒரே ஊர், நான்கு இடம்

அடுத்தது தேவாரம். அதைப் பண்முறை, தலமுறை என்று இரண்டு விதமாக அடுக்குவார்கள். திருமுறை வரிசையில் பண்ணும் யாப்பும்தான் கணக்கு. அந்த வரிசையில் திருவாலங்காட்டுப் பதிகங்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? சம்பந்தர் பாடியது முதல் திருமுறையில். அப்பர் பாடியவை நான்காம், ஆறாம் திருமுறைகளில். சுந்தரர் பாடியது ஏழாம் திருமுறையில். ஓதுவாருக்கு இந்த வரிசை சரி, அவருக்குப் பண்தான் முக்கியம். ஆனால் திருவாலங்காட்டுக்குப் போகும் ஒருவர் நான்கு இடத்தில் தேட வேண்டும். தலமுறைப் பதிப்பிலோ எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பாட்டு மாறவில்லை, ஓரெழுத்துக்கூட மாறவில்லை. தேடுபவர் யார் என்பது மட்டும்தான் மாறுகிறது.

சொல்லைத் தேடுவதற்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. பழைய நிகண்டுகள் பொருள் வாரியாகத் தொகுத்த செய்யுள்கள். தெய்வப் பெயர் ஓரிடம், மரப் பெயர் ஓரிடம். மனப்பாடமாகத் தெரிந்தவருக்குத்தான் அவை திறக்கும். 1594-ல் சிதம்பரம் ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அடுக்கியது. 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்தார். மனப்பாடம் இல்லாதவனும் உள்ளே நுழைய ஒரு வாசல் திறந்தது. எழுத்து தெரிந்தால் போதும்!

பெயர்ப் பலகை மாறிய ஊர்

எல்லாம் சரி, ஆனால் பட்டியலின் தலைப்பே மாறிவிட்டால்? வி. ரங்காச்சார்யா 1919-ல் சென்னை மாகாணக் கல்வெட்டுகளுக்கு மூன்று தொகுதிகளில் ஓர் இடவாரிப் பட்டியல் வெளியிட்டார். மாவட்டம், அதற்குள் தாலுகா, அதற்குள் ஊர் என்று போகும். அருமையான வேலை. ஆனால் உங்கள் ஊர் அப்போது எந்த மாவட்டத்தில் இருந்தது என்று தெரியாவிட்டால் கதவு திறக்காது. திருவாலங்காடு இருக்கும் திருத்தணிப் பகுதியையே பாருங்கள். செப்பேடு கிடைத்தபோது வட ஆற்காடு. 1911-ல் சித்தூர் மாவட்டம் பிறந்ததும் அதனுடன் போனது. 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது அந்தப் பக்கம் நின்றது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரலில் இந்தப் பக்கம் வந்து செங்கல்பட்டில் சேர்ந்தது. 1997-ல் திருவள்ளூர். ஊர் நகரவே இல்லை, அதன் மேலிருந்த பலகைதான் மாறிக்கொண்டே இருந்தது.

பழையனூர்க்காரர் எங்கே தேடுவார்?

இனி என் மனதில் நிற்கும் விஷயத்துக்கு வருகிறேன். ராஜேந்திரனைத் தேடிப் போகிறவர்கள் அநேகமாகச் சமஸ்கிருதப் பகுதியோடு திரும்பிவிடுகிறார்கள். விஜயாலயன், ஆதித்தன், பராந்தகன் என்று வம்சம் வரிசையாக இருக்கிறது. கங்கை, கடாரம் என்று வெற்றிகளும் இருக்கின்றன. வரலாற்றுப் புத்தகங்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

பின்னால் வரும் தமிழ்ப் பகுதியின் வேலை வேறு. அரசன் வாய்மொழி ஆணை எந்தெந்த அதிகாரி கையில் போய் எழுத்தானது, பழையனூரின் எல்லை எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் அதில்தான். எல்லையைப் பிடி, அதாவது பெண் யானை, சுற்றி வரச் செய்து குறிப்பது சோழர் வழக்கம். எழுதத் தெரியாத உழவனும் தன் கண்ணால் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய எல்லைக்கோடு அது! ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கிராமம் அங்கே கிடக்கிறது. பழையனூர் என்றால் நம்மில் பலருக்கு நீலி கதைதான் தெரியும். இந்தச் செய்தி தெரியாது. காரணம், அதற்கு யாரும் நமக்கு வழிகாட்டவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். பட்டியல் போடுவது குமாஸ்தா வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பட்டியலில் இல்லாதது புத்தகத்துக்குள் இருந்தாலும் இல்லாத மாதிரிதான். கல்லூரி மலரோ, ஊர் வரலாறோ, குடும்பத்துப் பழைய பத்திரங்களோ, நீங்கள் எதை அடுக்கினாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் அரசனைத் தேடுபவருக்கு மட்டும்தான் வழி இருக்கிறதா, பழையனூர்க்காரருக்கும் இருக்கிறதா?

என் கட்டுரையைத் திருத்தி எழுதினேன். இந்த முறை தமிழ்ப் பகுதியிலிருந்து தொடங்கினேன். செப்பேடு சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் சொத்து. அதைப் பார்க்க வாய்த்தால் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த வளையம் எத்தனை ஏடுகளைச் சேர்த்துப் பிடித்திருந்தது என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.